மணிக்கூடு ஏன் பிந்தியது?



நான் சிறுவனாய் இருந்த காலத்தில் எங்கள் வீட்டு முன்விறாந்தையில் ஒரு சுவர் மணிக்கூடு தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், மெல்லிய இரும்புக் கம்பியின் நுனியில், பித்தளைக் குண்டொன்று இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருக்கும். எங்கள் உறவினர் ஒருவர் இலண்டன் மாநகரிற் பல ஆண்டுகள் வாழ்ந்து யாழ்ப்பாணம் திரும்பியபோது என் பேரனாருக்குக் கொண்டுவந்து கொடுத்த பொருள் அது. அங்கே தம்முடைய அறையில் அது கிழமைக்கு ஒரு நிமிடமேனும் பிசகியதில்லை என்று அவர் பெருமையோடு சொல்லியிருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்ததும் அதன் குணம் மாறிவிட்டது. வானொலியிற் செய்திக்கு முன் ஒலிக்கும் நேரக்குறியோடு பேரனார் அதனை நாள்தோறும் ஒப்பிட்டுப் பார்ப்பார். நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் அது பிந்திக்கொண்டே வந்தது.

பெட்டியைப் பிரித்து மணிக்கூட்டைப் பொருத்தி மாட்டித் தந்தவர் எங்கள் ஊரில் மணிக்கூடு திருத்தும் ஒருவர். பேரனாரின் சந்தேகம் அவர்மேற் சென்றது. நல்ல பற்சில்லு ஒன்றை எடுத்துக்கொண்டு தேய்ந்ததொன்றைப் போட்டுவிட்டார் என்பது அவர் எண்ணம். ஆளை அழைத்துக் கேட்டார். வந்தவர் கதவைத் திறந்து, குண்டுக்குக் கீழே இருந்த சிறு சுரையை ஏறக்குறைய ஒரு சுற்றுத் திருகிக் குண்டைச் சற்றே மேலே உயர்த்திவிட்டார். “ஐயா, நான் இதில் ஒன்றையும் எடுக்கவில்லை. சீமையிலிருந்து வருகிற குண்டு மணிக்கூடுகள் எல்லாம் இங்கே வந்த புதிதிற் பிந்தும். ஏன் என்று எனக்குத் தெரியாது. சுரையை உயர்த்தினாற் சரிவரும் என்பது மட்டுந்தான் தெரியும்” என்றார். மணிக்கூடு சரிவந்தது. பேரனாருக்கு மனம் சரிவரவில்லை. “காரணம் தெரியாது என்பவன் காரணத்தை மறைக்கிறான்” என்று சொல்லி, அதன்பின் அவரை வீட்டுப் பக்கம் அழைக்கவேயில்லை.

அந்த மனிதர் சொன்னது உண்மையா, சாட்டா? இன்றைய பேச்சில் நான் எடுத்துக்கொண்ட வினா இதுதான். அதற்கு விடை காண, பொருள்கள் கீழே விழுவது எப்படி என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பாரமான பொருள் விரைவாகவும் இலேசான பொருள் மெதுவாகவும் விழும் என்று அரிஸ்டோட்டிலின் வழிவந்தோர் பல நூற்றாண்டுகள் கற்பித்து வந்தனர். இத்தாலி நாட்டுக் கலிலியோ பைசா நகரின் சாய்ந்த கோபுரத்தில் ஏறி இரு குண்டுகளைப் போட்டு இதனைப் பொய்யாக்கினார் என்று பாடப் புத்தகங்களிற் படித்திருப்பீர்கள். அக்கதை அவருடைய மாணவர் விவியானி எழுதிய வரலாற்றில் வருவது; கலிலியோ தம் நூல்களில் அதனை எழுதவில்லை. அவர் விரிவாக எழுதிவைத்த பரிசோதனை வேறு. 1638ஆம் ஆண்டில், அவர் முதுமையுற்றுக் கண்பார்வையும் இழந்திருந்த காலத்தில், வெளிவந்த நூலில் அது காணப்படுகிறது. நேராக விழும் பொருள் கண்ணுக்கு அகப்படாத விரைவில் விழுந்துவிடுகிறது. ஆகவே அவர் விழுதலை மெதுவாக்கினார். நீண்ட மரச்சட்டம் ஒன்றில் ஒரு தவாளிப்பு வெட்டி, அதனுள் வழவழப்பான தோலை ஒட்டி, சட்டத்தைச் சற்றுச் சாய்த்து, வெண்கலக் குண்டொன்றை உருளவிட்டார். காலத்தை அளக்க நல்ல மணிக்கூடு அக்காலத்தில் இல்லை. ஒரு பெரிய பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய் வழியாக நீரை ஓடவிட்டு, குண்டு உருளும் நேரத்தில் வடிந்த நீரைத் தராசில் நிறுத்தார். நீரின் நிறையே அவருக்குக் காலத்தின் அளவாயிற்று.

அவர் கண்டது இது. முதலாவது காலக்கூறில் குண்டு ஒரு பங்கு தூரம் சென்றால், அதேயளவான இரண்டாவது கூறில் மூன்று பங்கும், மூன்றாவதில் ஐந்து பங்கும், நான்காவதில் ஏழு பங்கும் செல்கிறது. வேகம் ஒரே ஒழுங்காகக் கூடிக்கொண்டு போகிறது என்பதே இதன் பொருள். அந்தக் கூடுதலை நாம் ஆர்முடுகல் என்கிறோம். வளியின் தடையின்றி நேரே விழும் பொருளின் வேகம் செக்கனுக்குச் செக்கன் ஏறக்குறைய 9.8 மீற்றரால் வளர்கிறது. முதற் செக்கனில் அது 4.9 மீற்றர் விழும். இரண்டாவது செக்கனில் 14.7 மீற்றர், மூன்றாவதில் 24.5 மீற்றர். 20 மீற்றர் உயரமான தென்னையிலிருந்து காம்பு கழன்ற தேங்காய் இரண்டு செக்கனில் நிலத்தை அடைகிறது. அடையும்போது அதன் வேகம் மணிக்கு 70 கிலோமீற்றருக்கு மேல். தென்னையின் கீழே பாய் விரித்துப் படுக்காதே என்று முதியோர் சொல்வதற்கு இந்தக் கணக்கு அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

குரும்பை விழுந்தாலும் இதே கணக்குத்தான், தேங்காய் விழுந்தாலும் இதே கணக்குத்தான் என்பதே வியப்பு. பூமி பெரிய பொருளைக் கூடுதலாக இழுக்கிறது, அதில் ஐயமில்லை. பத்து மடங்கு திணிவுள்ள பொருளைப் பத்து மடங்கு விசையோடு இழுக்கிறது. ஆனால் அப்பொருள் அசைய மறுக்கும் தன்மையும், அதாவது அதன் சடத்துவமும், பத்து மடங்காக இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால் எல்லாப் பொருளும் ஒரே விதமாக விழுகின்றன. பஞ்சும் இறகும் மெதுவாக இறங்குவது வளியின் தடையினாலேயே. இத்தடையை இகழ்ச்சியாக நினைக்க வேண்டாம். ஒரு கிலோமீற்றர் உயரத்திலிருந்து வரும் மழைத்துளிக்கு வளி தடையாக இல்லாவிட்டால், அது மணிக்கு 500 கிலோமீற்றர் வேகத்தில் நம் தலையில் வந்து விழும். வளி இருப்பதால், மிகப் பெரிய துளியும் செக்கனுக்கு 9 மீற்றர் அளவிலேயே வந்து சேருகிறது.

பொருளைப் பொறுத்து மாறாத ஒன்று இருக்குமானால், அது பொருளுக்கு உரியதன்று, இடத்துக்கு உரியது. இதனைத்தான் பௌதிக அறிஞர் ஈர்ப்புப் புலம் என்ற சொல்லால் குறிக்கின்றனர். நீங்கள் இருக்கும் அறையில் ஒவ்வொரு புள்ளியிலும், அங்கே பொருள் எதுவும் இல்லாதபோதுகூட, ஓர் அளவும் ஒரு திசையும் காத்திருக்கின்றன. இங்கே எதைக் கொண்டுவந்து விட்டாலும் அது இந்தத் திசையில் இவ்வளவு ஆர்முடுகலோடு விழும் என்பதே அந்த அளவின் பொருள். ஓர் அறைக்குள் மூலைக்கு மூலை அது மாறுவதாக நமக்குத் தோன்றாது. நாட்டுக்கு நாடு மாறுமா? இவ்வினாவைக் கலிலியோ எழுப்பவில்லை. எழுப்பியிருந்தாலும் நீர் வடியும் பாத்திரத்தைக் கொண்டு விடை காண இயலாது. நுட்பமான வேறொரு கருவி வேண்டியிருந்தது. அது 1656ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டிற் பிறந்தது. அந்நாட்டு அறிஞர் ஹைகன்ஸ் ஊசலை மணிக்கூட்டோடு இணைத்தார்.

ஊசல் என்பது என்ன? குண்டு ஒன்று விழ முயல்கிறது. கம்பி அதனை விழவிடாமல் வளைத்துத் திருப்புகிறது. ஓர் ஆட்டத்தின் ஒவ்வொரு பாதியிலும் ஒரு விழுகையும் ஓர் ஏற்றமும் அடங்கியிருக்கின்றன. ஆகவே விழும் ஆர்முடுகல் கூடினால் ஊசல் விரைவாக ஆடும். குறைந்தால் மெதுவாக ஆடும். குண்டு பாரமானதா இலேசானதா என்பது இங்கும் பொருட்டன்று. கம்பியின் நீளமும் அவ்விடத்தின் ஈர்ப்பும் மட்டுமே பொருட்டு. ஈர்ப்பு ஆயிரத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஊசல் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு பிந்தும். இது மிகச் சிறிய வேறுபாடு என்று தள்ளிவிடக் கூடாது. நாளொன்றுக்கு 86,400 செக்கன்கள் உண்டு. அதில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு 43 செக்கன். ஒரு நாள் முழுவதும் ஊசல் தன் சிறு பிழையைக் கூட்டிக் கூட்டிச் சேமித்து வைத்து, மாலையில் முள்ளின் நுனியில் நமக்குக் காட்டுகிறது.

இனிக் கதை தென் அமெரிக்காவின் வடகரைக்குச் செல்கிறது. 1672ஆம் ஆண்டில் பிரான்சிய விஞ்ஞானக் கழகம் ஜான் ரிஷே என்பவரைக் கயேன் என்னும் இடத்துக்கு அனுப்பியது. மத்தியகோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 5 பாகையில் உள்ள சிறிய குடியேற்றம் அது. அவ்வாண்டில் செவ்வாய்க் கிரகம் பூமிக்கு அண்மையில் வந்தது. பாரிசிலிருந்து கசினி என்னும் வானியலறிஞரும் கயேனிலிருந்து ரிஷேயும் ஒரே காலத்தில் அதனை நோக்கி, இரண்டு நோக்கல்களின் வேறுபாட்டிலிருந்து செவ்வாயின் தூரத்தையும், அதிலிருந்து சூரியனின் தூரத்தையும் கணிப்பது திட்டம். ரிஷே கொண்டுசென்ற பொருள்களுள் ஓர் ஊசல் மணிக்கூடும் இருந்தது. செக்கனுக்கு ஒரு முறை தட்டும்படி அது பாரிசில் திருத்தப்பட்டிருந்தது.

கயேனில் விண்மீன்களை வைத்து நேரம் பார்த்தபோது மணிக்கூடு பிந்துவதை ரிஷே கண்டார். நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டரை நிமிடம். பிரயாணத்தில் ஏதோ கெட்டுவிட்டது என்று முடிவு கட்டியிருக்கலாம். பெரும்பாலோர் அப்படித்தான் செய்திருப்பர். அவர் அவசரப்படவில்லை. தனியாக ஓர் எளிய ஊசலைத் தொங்கவிட்டு, அது சரியாகச் செக்கனுக்கு ஒரு முறை ஆடும்படி நீளத்தைச் சரிசெய்து, அந்நீளத்தை அளந்தார். ஒருமுறை அன்று, கிழமைதோறும், பத்து மாதங்கள். பிரான்சுக்குத் திரும்பியதும் அங்குள்ள செக்கன் ஊசலோடு ஒப்பிட்டார். கயேனில் ஊசலை மூன்று மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாகக் கட்டையாக்க வேண்டியிருந்தது என்பது உறுதியாயிற்று. ஒரு மீற்றர் அளவு நீளமான கம்பியில் மூன்று மில்லிமீற்றர்!

எல்லோரும் இதனை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. வெப்ப நாட்டுக்குச் சென்ற உலோகக் கம்பி சூட்டினால் நீண்டிருக்கும், நீண்ட ஊசல் மெதுவாக ஆடும் என்பது ஓர் எதிர்வாதம். வாதம் முட்டாள்தனமானதன்று. இரும்பு சூட்டில் விரிவது உண்மை. ஆனால் எவ்வளவு விரியும் என்று கேட்க வேண்டும். ஒரு மீற்றர் இரும்புக் கம்பி, வெப்பநிலை 20 பாகை கூடினால், கால் மில்லிமீற்றர் அளவே நீளும். மூன்று மில்லிமீற்றர் நீளவேண்டுமாயின், கயேன் பாரிசைவிட இருநூறு பாகைக்கு மேல் வெப்பமாக இருந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் ரிஷே ஊசலை அளந்துகொண்டு இருந்திருக்க மாட்டார். ஐசக் நியூற்றனும் வெப்பத்தின் பங்கைத் தனியே எடுத்து ஆராய்ந்து, அது போதாது என்றே முடிவு செய்தார். இன்று நமக்குத் தெரிந்த அளவுகளைக் கொண்டு கணக்கிட்டால், பாரிஸ் மணிக்கூடு கயேனில் ஈர்ப்புக் குறைவினால் மட்டும் நாளொன்றுக்கு இரண்டு நிமிடமும் பத்துச் செக்கனும் பிந்த வேண்டும்.

ஈர்ப்பு ஏன் அங்கே குறைந்தது? 1687ஆம் ஆண்டில் வெளிவந்த தம் பெருநூலில் நியூற்றன் இதற்கு விடை கூறினார். பூமி சுழல்கிறது. மத்தியகோட்டில் உள்ள நிலம் செக்கனுக்கு 465 மீற்றர் வேகத்தில் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. கயிற்றிற் கட்டிச் சுழற்றும் கல் வெளியே போக முயல்வதுபோல, அங்குள்ள பொருள்களும் விலக முயல்கின்றன. ஈர்ப்பின் ஒரு சிறு பகுதி அவற்றைப் பிடித்து வைத்திருப்பதிலேயே செலவாகிவிடுகிறது; எஞ்சியதுதான் பொருளை விழச்செய்கிறது. இரண்டாவதாக, இந்தச் சுழற்சியினாலேயே பூமி நடுவிற் சற்றுப் புடைத்து, துருவங்களிற் சற்றுத் தட்டையாக இருக்க வேண்டும். மத்தியகோட்டில் நிற்பவர் பூமியின் மையத்துக்குச் சற்றுத் தூரமாக நிற்கிறார். புடைப்பில் உள்ள பாறையும் தன் பங்குக்கு ஈர்ப்பதால் கணக்குச் சிக்கலாகும். அதனை இங்கே விட்டுவிடுவோம். இரண்டும் சேர்ந்த விளைவாக, துருவத்தில் 9.832 ஆக உள்ள ஆர்முடுகல் மத்தியகோட்டில் 9.780 ஆகக் குறைகிறது. ஒருவர் ஆடாமல் அசையாமல் ஓர் அறையில் இருந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே பூமியின் வடிவத்தைக் கண்டுபிடித்துவிட்டார் என்றே சொல்லலாம். ரிஷே அதனை அறிந்திருக்கவில்லை என்பது வேறு.

பிரான்சில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. கசினியின் மகனும் அவரைச் சார்ந்தோரும் தம் நாட்டு நில அளவைகளை ஆதாரமாகக் காட்டி, பூமி துருவப் பக்கமாக நீண்டிருக்கிறது என்று வாதிட்டனர். நியூற்றனின் பூமி தோடம்பழம் போன்றது, அவர்களுடைய பூமி எலுமிச்சம்பழம் போன்றது என வைத்துக்கொள்ளலாம். வழக்கைத் தீர்க்க இரண்டு குழுக்கள் புறப்பட்டன. 1735இல் ஒன்று தென் அமெரிக்காவின் மத்தியகோட்டுப் பகுதிக்கும், 1736இல் மோபெர்த்துயி என்பவர் தலைமையில் மற்றொன்று வட ஐரோப்பாவின் லாப்லாந்துக்கும் சென்றன. தட்டையான பகுதியில் வளைவு குறைவு; ஆகவே அங்கே ஒரு பாகை நகர்வதற்குக் கூடுதலான தூரம் நடக்க வேண்டும். லாப்லாந்தில் ஒரு பாகையின் நீளம் பிரான்சில் இருந்ததைவிடக் கூடுதலாக இருந்தது. தோடம்பழமே வென்றது. மத்தியகோட்டு ஆரை துருவ ஆரையைவிட 21 கிலோமீற்றர் கூடியது என்பது இன்றைய அளவு. தென் அமெரிக்கா சென்ற குழுவில் இருந்த பூகே என்பவர் பிச்சிஞ்சா மலைமேல் ஊசலைக் கொண்டுசென்று, உயரத்தோடும் ஈர்ப்புக் குறைகிறது என்று காட்டினார்.

இப்போது எங்கள் விறாந்தைக்குத் திரும்பலாம். இலண்டனில் ஆர்முடுகல் 9.812. யாழ்ப்பாணம் மத்தியகோட்டிலிருந்து பத்துப் பாகைக்குள் இருக்கிறது. இங்கே அது 9.782. வேறுபாடு ஆயிரத்தில் மூன்று பங்கு. மணிக்கூடு ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு பிந்தும். நாளொன்றுக்கு 133 செக்கன். இரும்புக் கம்பி நம் வெயிலுக்குச் சற்று நீண்டதனால் இன்னும் பத்துச் செக்கன் அளவு. இரண்டும் சேர, இரண்டரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. கால் மீற்றர் நீளமான அந்த ஊசலைச் சரிப்படுத்தக் குண்டை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகவே உயர்த்த வேண்டும். சுரையின் ஒரு சுற்று. மணிக்கூடு திருத்துபவர் செய்ததும் அதுவே.

இக்கணக்கை நான் கல்லூரி மாணவனாய் இருந்தபோது ஒரு நாள் மாலையிற் போட்டுப் பார்த்தேன். விடை வந்ததும் தாளோடு பேரனாரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருமுறை படித்தார். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவனுடைய பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்?” என்று மட்டும் கேட்டார். அந்த மனிதர் காலமாகி அப்போது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. மறுநாட் காலை பேரனார் சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுக்குச் சென்றார். அங்கே என்ன பேசினார் என்று எங்களுக்குச் சொல்லவில்லை.

ஈர்ப்பின் இவ்வேறுபாட்டை நாம் வேறெங்கும் உணர்வதில்லையே என்று கேட்பீர்கள். இருதட்டுத் தராசு இதனை ஒருபோதும் காட்டாது. ஒரு தட்டில் உள்ள பொன்னின் நிறை எவ்வளவு குறைகிறதோ, மற்றத் தட்டில் உள்ள படிக்கல்லின் நிறையும் அவ்வளவே குறைகிறது. விற்றராசு காட்டும். இலண்டனிற் சரிபார்த்த நுட்பமான விற்றராசில் அங்கே ஒரு கிலோகிராம் நின்ற பொன், இங்கே அதே தராசில் மூன்று கிராம் குறைவாக நிற்கும். பொன் குறையவில்லை, அதன் திணிவு அப்படியே இருக்கிறது. குறைந்தது பூமி அதனை இழுக்கும் இழுப்பு. மூன்று கிராம் என்பது ஒரு பவுணில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். நல்லவேளையாக நம் பொற்கொல்லர் இருதட்டுத் தராசையே நெடுங்காலம் நம்பி வந்தனர்.

இலங்கைக்கு இவ்விடயத்தில் இன்னுமொரு தொடர்பு உண்டு. இதனை நம்மிற் பலர் கேள்விப்பட்டிரார். பூமியின் உள்ளே எல்லா இடமும் ஒரே செறிவுடையதன்று. செறிவு குறைந்த பகுதிக்கு மேலே ஈர்ப்பும் சற்றுக் குறையும். உலகம் முழுவதிலும் இக்குறை மிகப் பெரிதாகப் பரந்து காணப்படும் இடம் நமது தீவின் தெற்கே இந்து சமுத்திரத்தில் இருக்கிறது. ஒல்லாந்து விஞ்ஞானி வெனிங் மைனெஸ் கப்பலில் ஈர்ப்பை அளந்து 1948இல் இதனை வெளிப்படுத்தினார். நீர்மூழ்கிக் கப்பல்களுக்குள் ஊசல்களை வைத்து, அலையின் ஆட்டம் எட்டாத ஆழத்தில் ஈர்ப்பை அளக்கும் வழியை வகுத்தவர் அவர். ஈர்ப்புக் குறைந்த இடத்திலிருந்து நீர் அயலில் உள்ள வலிய ஈர்ப்பை நாடிச் சென்றுவிடுவதால், அங்கே சமுத்திரத்தின் மேற்பரப்பு, சீரான பூமிக்கு இருக்க வேண்டிய மட்டத்திலிருந்து 106 மீற்றர் தாழ்ந்திருக்கிறது. 

கடலில் 106 மீற்றர் பள்ளமா, அதில் இறங்கும் கப்பல் எப்படி ஏறும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பள்ளம் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பரந்து கிடப்பது ஒரு காரணம். மற்றக் காரணம் நுட்பமானது. மேடு பள்ளம் என்று நாம் சொல்வதே ஈர்ப்பின் திசையை வைத்துத்தான். அங்கேயும் நீர்மட்டம் தூக்குநூலுக்குச் செங்குத்தாகவே நிற்கிறது. ஆகவே கப்பல் எந்த இடத்திலும் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. மாலுமியின் கோப்பையில் உள்ள தேநீர் சரிவதுமில்லை. ஓர் ஊசல் மணிக்கூட்டை அங்கே அசையாமல் நிறுத்த முடியுமாயின், அயலிடத்தைவிட அது நாளொன்றுக்கு இரண்டு செக்கன் அளவு பிந்தும், அவ்வளவே அடையாளம். பூமியின் ஆழத்தில் இக்குறைக்கு என்ன காரணம் என்பது பற்றி அறிஞரிடையே பல கருத்துக்கள் உண்டு. பெங்களூரில் உள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஆய்வாளர் இருவர், ஆபிரிக்காவின் கீழே ஆழத்திலிருந்து எழும் வெப்பமான, செறிவு குறைந்த பாறையை 2023இல் காரணமாகக் காட்டினர்.

மணிக்கூட்டை இன்னும் தூரத்துக்குக் கொண்டுசெல்வோம். சந்திரனின் மேற்பரப்பில் ஆர்முடுகல் 1.62 மட்டுமே. பேரனாரின் மணிக்கூட்டை அங்கே மாட்டினால், அது ஒரு மணி நேரம் காட்டுவதற்கு உண்மையில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் செல்லும். அங்கே வளி இல்லை. 1971ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 2ஆந் தேதி, அப்பலோ 15 விண்கலத்தில் சென்ற டேவிட் ஸ்கொட், ஒரு கையில் சுத்தியலையும் மறு கையில் வல்லூறின் இறகையும் பிடித்து ஒரே நேரத்தில் விட்டார். இரண்டும் ஆறுதலாக இறங்கி ஒருங்கே நிலத்தைத் தொட்டன. தொலைக்காட்சிக் கமரா அதனைப் பூமிக்கு அனுப்பியது. கலிலியோவின் நூல் வெளிவந்து 333 ஆண்டுகள் கழித்து நடந்தது இது.

சர்வதேச விண்வெளி நிலையத்திலோ அந்த மணிக்கூடு ஓடவே ஓடாது. 2000ஆம் ஆண்டு நவம்பரில் மனிதர் குடிபுகுந்த அந்நிலையம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் உயரத்திற் பூமியைச் சுற்றுகிறது. அங்கே குண்டை ஒரு பக்கம் இழுத்து விட்டால் அது விட்ட இடத்திலேயே நிற்கும். இதனைப் பார்ப்பவர், அங்கே ஈர்ப்பு இல்லை என்று சொல்லிவிடுகின்றனர். பத்திரிகைகளும் அப்படியே எழுதுகின்றன. அது பிழை. அந்த உயரத்திலும் பூமியின் ஈர்ப்பு நிலத்தில் உள்ளதில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றே குறைவாக இருக்கிறது. ஈர்ப்பு இல்லாவிட்டால் நிலையம் வட்டமிடாது. நேர்கோட்டில் ஓடித் தொலைந்துவிடும். உண்மை என்னவெனில், அந்நிலையம் இடைவிடாமல் விழுந்துகொண்டே இருக்கிறது. செக்கனுக்கு ஏழரைக் கிலோமீற்றருக்கு மேலான வேகத்திற் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே விழுவதால், அது விழும் அளவுக்குப் பூமியின் மேற்பரப்பும் வளைந்து விலகிக்கொடுக்கிறது. நிலையமும், அதனுள் இருக்கும் மனிதரும், மணிக்கூட்டின் பெட்டியும், குண்டும் ஒரே ஆர்முடுகலோடு விழுகின்றன. பெட்டிக்கு முந்திக் குண்டு விழ முயன்றால்தானே ஆட்டம் உண்டாகும்? 1907ஆம் ஆண்டில், பேர்ண் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஐன்ஸ்ரைனுக்கு, கூரையிலிருந்து விழுபவன் விழும்போது தன் நிறையை உணரமாட்டானே என்ற எண்ணம் தோன்றியது. ஈர்ப்பைப் பற்றிய அவருடைய பெருங்கொள்கை அவ்வெண்ணத்திலிருந்தே வளர்ந்தது. அதனை விளக்க இன்றைய நேரம் போதாது.

வீட்டில் ஊசல் மணிக்கூடு இல்லாதவர்களும் தாம் இருக்கும் இடத்தின் ஈர்ப்பை அளந்து பார்க்கலாம். நீளாத நூலொன்றில் ஒரு சிறு கல்லையோ இரும்புச் சுரையையோ கட்டி, உறுதியான ஆணியில் தொங்கவிடுங்கள். ஆணியிலிருந்து கல்லின் நடுவரை சரியாக ஒரு மீற்றர் இருக்க வேண்டும். கல்லை நாலு விரற்கடை மட்டும் விலக்கி மெல்ல விடுங்கள். கூடுதலாக விலக்கினாற் கணக்குப் பிழைக்கும். ஒரு பக்கத்திலிருந்து புறப்பட்டு அதே பக்கத்துக்குத் திரும்புவதை ஓர் ஆட்டமாகக் கொண்டு நூறு ஆட்டங்கள் எண்ணுங்கள். சிறுவர் ஒருவர் எண்ணவும் மற்றொருவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவும் வைத்தால் நன்று. நேரத்தைச் செக்கனில் எழுதி, நூறால் வகுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, அவ்விடையால் 39.48 என்னும் எண்ணை வகுத்தால் உங்கள் வீட்டின் ஆர்முடுகல் கிடைக்கும். இலங்கையில் எவ்விடத்திலும் நூறு ஆட்டத்துக்கு 3 நிமிடமும் 21 செக்கனும் செல்ல வேண்டும். ஒன்றிரண்டு செக்கன் பிசகினால் நூலின் நீளத்தை மறுபடி அளந்து பாருங்கள்.